பொறுப்பாளர் உடன் வர வேண்டும்

எதற்காக இந்த நாட்டுக்கு வந்தாய் என்று பினாங்கில் யார் கேட்டாலும், கல்யாணம் ஆகி வந்தேன் என்று சொல்லிவிடுவேன். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. ஒரு பெண் இடம் மாறுவதற்குக் கல்யாணம் போதுமான காரணமாக எல்லோருக்கும் தெரிகிறது. உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சம். சிவகங்கைப் பக்கம் ஒரு சிறிய ஊரில், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். முப்பத்தொரு வயது. தங்கைக்கு எனக்கு முன்பே கல்யாணமாகி, குழந்தையும் பிறந்திருந்தது. எனக்கு நிச்சயமான சம்பந்தம் ஒன்று, பத்திரிகை அடித்த பிறகு முறிந்துபோயிற்று. அதிலிருந்து தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இரக்கத்தோடு பார்ப்பார்கள். அந்தச் சாய்ந்த தலைகளைப் பார்க்காத ஓர் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது. தூரத்து உறவினர் ஒருவர் பினாங்கு மாப்பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்தபோது, நான் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நடுவில் கடல் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அவர் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு முன் தொலைபேசியில் பேசியபோது, இங்கே தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, கணக்கு டீச்சருக்கு வேலை கிடைக்காமலா போகும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு, வெளியிலிருந்து வருகிறவளின் பாஸ்போர்ட்டில் என்ன எழுதுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் தேவை அதுவரை வந்ததே இல்லை. நான் வந்த மூன்றாவது வாரம் எனக்குப் பாஸ் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் தங்கலாம், எந்த வேலையும் செய்யக் கூடாது. எனக்கு அப்போது மலாய் தெரியாது என்பதால் அவர்தான் அதை வார்த்தை வார்த்தையாகப் படித்துச் சொன்னார். படித்து முடித்ததும் பாஸ்போர்ட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசம் மாறும்லா" என்றார்.

அடுத்த வருடம் மாறவில்லை. அதற்கடுத்த வருடமும் மாறவில்லை.

எங்கள் வீடு டத்தோ கிராமாட்டில், ஒரு பழைய அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில். மாமியார், அவர், நான். இரண்டு வருடம் கழித்து மகள். சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கொடிமலை தெரியும், மேகம் இல்லாத நாளில். நான் பேசுகிற தமிழைக் கேட்டதுமே பாசாரில் காய் விற்கிற அக்கா, "ஊர்க்காரியா நீ?" என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவளுக்கு இங்கே அதுதான் பெயர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வருடமாக அதே பாசாரில் அதே அக்காவிடம் காய் வாங்குகிறேன், இன்றும் நான் ஊர்க்காரிதான். ஊரிலோ, இரண்டு முறை போனபோதும் என்னை மலேசியாக்காரி என்றார்கள். காலையில் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்டால் அது காலைச் சாப்பாட்டை மட்டும்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சில மாதம் பிடித்தது. மத்தியானம் ஒருவரிடம் அப்படிக் கேட்டபோது, அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கீழ்வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பின்னக் கணக்கு வராமல் அழுதுகொண்டிருந்தாள். கூப்பிட்டு உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் அவள் இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்தாள். அந்த வாரம் முழுக்க எனக்குப் பழைய குரல் திரும்பி வந்தமாதிரி இருந்தது. காசு வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் வாசலில் நான்கு ஜோடிச் செருப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. டியூஷன் நடத்துகிறாள் என்று யாராவது அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டால் என்ன செய்வது என்று பயந்தார். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை கதவைத் தட்டிய பிள்ளைகளிடம், டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று மாமியார் சொல்லி அனுப்பினார். உள்ளே அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

நான்காவது வருடம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் பாஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் அவளைப் பார்த்தேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மன்னார்குடிப் பக்கம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் பிளாஸ்டிக் கோப்பு. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலை வரிசையில் நின்றபடி சத்தமாக மலாயில் படித்து, தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். திருமணச் சான்று, கணவரின் அடையாள அட்டை, பாஸ்போர்ட் நகல். கடைசி வரி, பொறுப்பாளர் உடன் வர வேண்டும். "பொறுப்பாளர் வெளியில சிகரெட் பிடிக்கிறாரு" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் இருவருக்கும் ஒரே மாதத்தில் பாஸ் முடியும். அதனால் ஒவ்வொரு வருடமும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் போனோம். வேலை முடிந்ததும் நான்கு பேருமாகச் சூலியா தெருவில் ஒரு மாமாக் கடைக்கு, தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு, போய் ரொட்டியும் டீயும் சாப்பிடுவோம். ஆண்கள் இருவரும் ஒரு மேசையில் காற்பந்தைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் இன்னொரு மேசையில். எதற்காக வந்தாய் என்று அவளிடம் நான் கேட்டது அங்கேதான். அவள் யோசிக்கவே இல்லை.

"எங்க தெருவுல குழாய்ல தண்ணி வர்றது வாரத்துக்கு ரெண்டு நாளுதான்க்கா. லாரிக்கு நிக்கிறதுதான் என் வேலை. பொண்ணு பாக்க வந்தப்ப இவர்ட்ட நான் ஒண்ணுதான் கேட்டேன். ஒங்க ஊர்ல பைப்பத் தொறந்தா தண்ணி வருமான்னு. எப்பவும் வரும்னாரு. வந்துட்டேன்."

அவளைப்போல இந்த ஊரில் வேர் பிடித்தவளை நான் பார்த்ததில்லை. கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தாள். தொலைக்காட்சியைப் பார்த்தே மலாய் கற்றுக்கொண்டாள். மீன்காரச் சீனரிடம் அவர் மொழியிலேயே எண்ணிக்கை சொல்லி வாங்குவாள். எந்தப் பேருந்து எங்கே போகும் என்று பினாங்கில் பிறந்த என் மாமியாருக்கே அவள்தான் வழி சொல்லுவாள். கல்யாண வீடுகளில் பெண்ணுக்குச் சேலை கட்டிவிட அவளைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக இருந்தது நான். எங்கள் இரண்டு பேரில் யார் இங்கே நிலைப்பார்கள் என்று பந்தயம் வைத்திருந்தால், நானே அவள் பக்கம் வைத்திருப்பேன்.

அவளுடைய கணவர் எப்போது மாறினார் என்று எனக்குத் தெரியாது. பட்டர்வொர்த்தில் வேலை என்று வாரத்தில் நான்கு நாள் வராமல் இருந்தார். பிறகு வாரம் முழுக்க வரவில்லை. அங்கே வேறொரு பெண் இருப்பது பின்னால் தெரிந்தது. இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்த வருடம் பாஸ் முடிய பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் கோப்பை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, அவர் கையெழுத்துப் போட வரமாட்டேன் என்கிறார் அக்கா என்றாள்.

என் கணவர் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த்துக்குப் போனார். தொழிற்சாலை வாசலில் இரண்டு மணிநேரம் காத்திருந்து, அந்த மனிதரைக் கோப்பிக் கடைக்கு அழைத்துப் போய்ப் பேசியிருக்கிறார். மத்தியானம் திரும்பி வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, "கேக்கமாட்டான்லா" என்றார். அவள் ஊருக்குப் போகட்டும், பிள்ளைகளைத் தன் அம்மா பார்த்துக்கொள்வார் என்றாராம் அந்த ஆள். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். வாடகை வீட்டைக் காலி செய்வதுபோலச் சொன்னார் என்றார் என் கணவர்.

நானும் அவளும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த அதிகாரி ஓர் இளம் மலாய்ப் பெண். என் தோழியின் மலாயைக் கேட்டு, இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே என்று வியந்தாள். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொறுப்பாளர் இல்லாமல் இதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லும்போது அவள் குரலும் இறங்கிப்போயிற்று. ஊருக்குக் கிளம்ப ஏற்பாடு செய்துகொள்ள மட்டும் குறுகிய கால அனுமதி ஒன்று கிடைத்தது. பெண்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வழக்கறிஞர் காசு வாங்காமல் பார்த்தார். பிள்ளைகளுக்காக வழக்குப் போடலாம், ஆனால் அது முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது, அதுவரை இவள் இங்கே இருக்க அந்த வழக்கே போதாது என்றார். எல்லோரும் நல்லபடியாகவே பேசினார்கள். எங்கே போனாலும் உட்காரச் சொன்னார்கள். எல்லாக் கதவும் திறந்துதான் இருந்தது, உள்ளே அவளுக்குக் கொடுக்க எதுவும் இல்லை.

அனுமதி முடிய ஐந்து வாரம் இருக்கும்போது அவள் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கெலுகோர் வீட்டின் சாவியை மாற்றிவிடப் போவதாகக் கணவர் சொல்லியிருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கூடத்தில் மாமியார் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நானும் அவளும் சமையலறையில் நின்றோம்.

"ஒரு மாசம்க்கா. பிள்ளைங்களோட ஒங்க வீட்டுல இருந்துக்கிறேன். அதுக்குள்ள வக்கீலு ஏதாவது பண்ணிருவாரு. ஹால்ல படுத்துக்குவோம்."

என் பாஸுக்கும் அப்போது நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடவை ஏதோ காகிதக் குறையால் தள்ளிப்போட்டதில் என் தேதி சில மாதம் பின்னால் போயிருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயது. நான் அடுப்பைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்த அடுப்பு அது.

"எனக்கும் பாஸ் புதுப்பிக்கணும்ல. வீட்டு விலாசம் பாப்பாங்க. நீ இங்க இருக்கன்னு தெரிஞ்சா எனக்கும் ஏதாவது ஆயிடும்" என்றேன்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டு, பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் கேட்கவில்லை என்று பின்னால் தோன்றியது. அவளுக்கு அப்போது முறையான அனுமதி இருந்தது. ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவது குற்றமில்லை. கணக்கு டீச்சருக்கு அந்த எளிய கணக்கு அன்று வரவில்லை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"சரிக்கா. நானா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

அவளாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். போகும்போது மாமியாரிடம் வருகிறேன் அத்தை என்று சொல்லிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாள். ஒன்பது மாடியும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார் காயை நறுக்கி முடித்து, தட்டை என்னிடம் நீட்டியபடி சொன்னார்.

"இருக்கச் சொல்லியிருக்கலாம்லா. ஹால்ல எடம் இருக்கே."

என் கணவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். தன்னிடம் கேட்டிருக்கலாமே என்றார். கேட்டிருந்தால் அவர் சரி என்றிருப்பார். அதனால்தான் அவர் வருவதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன்.

கடைசி நாட்களில் அவள் கெலுகோரிலேயே சேலை கட்டிவிடப் போன வீடு ஒன்றில் தங்கினாள். அவர்கள் எங்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. பிள்ளைகளை அவளுடைய மாமியார் வந்து கூட்டிப்போய்விட்டார். பள்ளிக்கு அங்கிருந்துதான் பக்கம் என்று காரணம். நாள் தாண்டித் தங்கினால் பெயர் கெட்டுவிடும், முறையாகப் போனால் முறையாகத் திரும்பி வரலாம் என்று யாரோ சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். அனுமதி முடிய மூன்று நாள் முன்பே கிளம்பினாள்.

விமான நிலையத்துக்கு நானும் கணவரும் போனோம். காலை பதினொரு மணி விமானம். அவள் மாமியார் பெண்ணை மட்டும் அழைத்துவந்தார். பையன் அழுது ரகளை செய்வான் என்று விட்டுவிட்டு வந்தாராம். பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். அவள் குனிந்து மகளின் காலர் பொத்தானைப் போட்டுவிட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். தம்பிக்கு மீனில் முள் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றாள். சீப்பை யாருக்கும் கொடுக்காதே, பேன் வரும் என்றாள். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "தீபாவளிக்கு வந்துருவீங்கதானே மா?" என்று கேட்டாள். அதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. வந்துடுவேன் என்றாள் அவள்.

என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். சனிக்கிழமை தவறாமல் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுப் போன் போட்டுக் கொடுக்க வேண்டும். சத்தியம் செய்கிற மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன். உள்ளே போகிற வரிசையில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. முன்னால் நின்ற ஒரு வயதான சீனப் பெண்மணியின் பையைத் தூக்கிக் கொடுத்து, அவர் மொழியில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்மணி சிரித்தார். அவளை நான் நேரில் பார்த்தது அதோடு சரி.

ஆறு சனிக்கிழமை போனேன். பெண் பேசுவாள். பையன் தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வெளியே கேட்கும், சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று. ஏழாவது வாரம் பிள்ளைகளின் பாட்டியம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, நான் வந்துபோனால் இரண்டு நாள் பிள்ளைகள் சாப்பிடுவதில்லை, இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னார். அவர் அதட்டவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். நான் வாதாடியிருக்கலாம். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது என் மனதில் இருந்தது வருத்தம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது நிம்மதி.

அவள் இரண்டு முறை விண்ணப்பித்தாள். ஒன்று திரும்பி வந்தது, ஒன்றுக்குப் பதிலே இல்லை. வழக்கு, கட்சிக்காரரே நாட்டில் இல்லாமல் எங்கோ நின்றுபோயிற்று. மன்னார்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை என்றாள். முதலில் வாரம் ஒருமுறை பேசினாள். பிறகு மாதம் ஒருமுறை. நான் அழைத்தால் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள். என்னிடம் சொல்ல எதுவும் இருக்காது. ஒருநாள் பாசாரில் அவள் மகளைப் பார்த்தேன், உயரமாகிவிட்டாள். அம்மாவோடு பேசுகிறாயா என்று கேட்டேன். பேசுவோம் ஆன்ட்டி, ஆனா அவுங்க அழுதுகிட்டே இருக்காங்க, தம்பி போனை வாங்கவே மாட்டான் என்றாள். அதை அவள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நானும் அழைப்பதைக் குறைத்துக்கொண்டேன். இப்போது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

என் பாஸ் அவள் கிளம்பிய அந்த வருடம் ஒரு தடங்கலும் இல்லாமல் புதுப்பிக்கப்பட்டது. வீட்டு விலாசத்தில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நிரந்தரமாகத் தங்குவதற்கு எப்போதோ விண்ணப்பித்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். இப்போது வேலை செய்ய வழி உண்டு, அதற்கென்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பதினைந்து வருடமாகக் கரும்பலகையைத் தொடாதவளை யார் எடுப்பார்கள் என்று போகவில்லை. மாமியார் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இந்த ஊர்த் தமிழ் பேசுகிறாள், இந்த நாட்டு அடையாள அட்டை வைத்திருக்கிறாள். நான் அவளுடைய அம்மா என்பதைத் தவிர இங்கே இருக்க எனக்கு இருக்கிற உரிமை ஒரு கையெழுத்துதான்.

போன வருடம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. தொழிற்சாலையிலேயே விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தார், வலது கையும் காலும் சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்காமல் கிடந்த நான்கு நாளும் நான் பிரார்த்தித்தேன். அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் பிரார்த்தித்தேன். ஆனால் மூன்றாம் நாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பாஸ் முடிய இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

புதுப்பிக்கிற நாளன்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனேன். டாக்ஸிக்காரர் தூக்கி ஏற்ற உதவினார். அலுவலகத்தில் வயதான அதிகாரி ஒருவர் முகப்பை விட்டு வெளியே வந்து, காகிதத்தை ஓர் அட்டையில் வைத்து என் கணவரின் மடியில் கொடுத்தார். அவர் இடது கையால் பேனாவைப் பிடித்தார். எழுத வரவில்லை. பெருவிரலில் மை தடவி ஒற்றச் சொன்னார்கள். விரலை நான் பிடித்து ஒற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பேச்சு இன்னும் தெளிவாக வராது. இரண்டு முறை முயன்று, "அடுத்த வருசமும் வரேன்லா" என்றார்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. டாக்ஸி கிடைக்க நெடுநேரம் ஆயிற்று. கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று, கைக்குட்டையை நனைத்து அவர் விரலிலிருந்த மையைத் துடைத்தேன். அது முழுவதும் போகவில்லை.